செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். அளக்க வேண்டியது கசடை

கழிவுநீர்க் குழாய்களும் செப்டிக் டேங்கும்தான் என் தொழில். புதிதாகப் போடுவதும் உண்டு, அடைத்துக்கொண்டதைச் சரி செய்வதும் உண்டு. எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்கும்: "டேங்க் நிரம்பிடுச்சுங்க, உடனே வரணும்." மூடியைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள். தண்ணீர் மேலே வரை நின்றிருக்கும். லாரியை வரவழைத்து உறிஞ்சச் சொல்லியிருப்பார்கள். சில நாள் கழித்து மறுபடி திறந்தால் தண்ணீர் பழைய மட்டத்திலேயே நிற்கும். லாரிக்காரர் சரியாக எடுக்கவில்லை என்று அவர் மேல் கோபம்.

அவர் மேல் தப்பே இல்லை. செப்டிக் டேங்க் எந்நேரமும் நிரம்பித்தான் இருக்கும். ஒரு வாளித் தண்ணீர் உள்ளே போனால் ஒரு வாளித் தண்ணீர் மறுபக்கக் குழாய் வழியாக வெளியேறும். அதனால் தண்ணீர் மட்டம் வெளியேறும் குழாயின் அடிவிளிம்பிலேயே நிற்கும். புதுத் தொட்டிகூட குடிவந்த சில நாட்களில் அந்த மட்டத்தைத் தொட்டுவிடும், அதற்கப்புறம் அதன் ஆயுள் முழுக்க அங்கேயேதான் இருக்கும்.

மட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு இரண்டு விஷயம். வெளியேறும் குழாயைவிட மேலே தண்ணீர் ஏறி நின்றால், குழாய் அடைத்திருக்கிறது, அல்லது உறிஞ்சு குழி (தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) தண்ணீரை வாங்கவில்லை என்று அர்த்தம். குழாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கிக் கிடந்தால் தொட்டியில் விரிசல், கழிவு நேராக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாவதைப் பார்த்து, "எங்க டேங்க் பத்து வருஷமா நிரம்பவே இல்லை" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் கிணறு இருந்தால் அந்த வீட்டை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

தொட்டிக்குள் போகும் கழிவு மூன்றாகப் பிரிகிறது. கனமானது அடியில் படிந்து கசடாகும். எண்ணெய், கொழுப்பு, சோப்பு நுரை எல்லாம் பாலில் ஏடு படிவதைப் போல மேலே மிதந்து கெட்டிப்படும். நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர். அந்த நடுத்தண்ணீர் மட்டும்தான் வெளியே போக வேண்டும். அடியில் உள்ள கசடைக் காற்று தேவைப்படாத பாக்டீரியாக்கள் மெதுவாகச் செரித்துச் சுருக்குகின்றன. எல்லாவற்றையும் அவற்றால் செரிக்க முடியாது. மிச்சம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும்.

இது நடக்கத் தண்ணீர் உள்ளே குறைந்தது ஒரு நாளாவது அசையாமல் தங்க வேண்டும். கசடு ஏற ஏற நடுவில் தண்ணீர் தங்கும் இடம் குறையும். அப்போது படிவதற்கு நேரம் கிடைக்காமல் கழிவு கலங்கலாகவே வெளியேறும். தொட்டி "நிரம்பியது" என்று சொல்ல வேண்டிய நிலை இதுதான், அது மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

அமைப்பு பழையது. 1860 வாக்கில் பிரான்சின் வெசூல் ஊரில் லூயி மூரா என்பவர் வீட்டுக் கழிவுக்கு மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரத்தில் டொனால்ட் கேமரன் அமைத்த தொட்டிக்குத்தான் செப்டிக் டேங்க் என்ற பெயர் வந்தது. அடிப்படை இன்றும் அதேதான்: ஓட்டத்தை நிதானப்படுத்து, படியவிடு, நடுவிலிருந்து எடு.

நல்ல தொட்டியில் இரண்டு அறை இருக்கும். முதல் அறை மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஏனென்றால் கசடில் பெரும்பகுதி அங்கேதான் விழும். நடுச்சுவரில் துளைகள் பாதி ஆழத்தில் இருக்க வேண்டும். அடியில் வைத்தால் கசடு தாண்டும், மேலே வைத்தால் ஏடு தாண்டும். உள்ளே வரும் குழாயைவிட வெளியேறும் குழாய் 5 முதல் 7.5 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கும்.

இரண்டு முனையிலும் ஆங்கில T எழுத்து வடிவத்தில் ஒரு டீ பைப் உண்டு. இந்தச் சின்னப் பொருளுக்குப் பலரும் மதிப்பே கொடுப்பதில்லை. உள்வரும் பக்கத்து டீ, பாய்ந்து வரும் தண்ணீரைக் கீழ்நோக்கித் திருப்பி ஏட்டைக் கலைக்காமல் பார்த்துக்கொள்கிறது. வெளியேறும் பக்கத்து டீ அதைவிட முக்கியம். அதன் கால் ஏட்டுக்குக் கீழே நீண்டு நடுத்தண்ணீரை மட்டும் எடுக்கும். அது உடைந்து விழுந்துவிட்டால் ஏடு முழுக்க உறிஞ்சு குழிக்குப் போகும். வீட்டுக்காரருக்கு எந்த அறிகுறியும் தெரியாது, கழிப்பறை நன்றாகவே போகும். குழி செத்த பிறகுதான் தெரியும். அடைப்பு எடுக்க வந்தவர்கள் கம்பியை விட்டுக் குத்தியதில் டீ உடைந்து, அது தெரியாமலே உறிஞ்சு குழியை இரண்டு முறை புதிதாகத் தோண்டிய ஒரு வீட்டை எனக்குத் தெரியும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் முதலில் இந்த டீ இருக்கிறதா என்று பாருங்கள்.

உறிஞ்சு குழி

தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் சுத்தமானது கிடையாது. நோய்க்கிருமிகள் அதில் நிறைய இருக்கும். அதைத் திறந்த வாய்க்காலில் விடுவது தெருவில் மலம் விடுவதற்குச் சமம். கடுமையாகத்தான் சொல்கிறேன், ஆனால் உண்மை அதுதான். மீதிச் சுத்திகரிப்பு மண்ணில் நடக்கிறது. அதனால்தான் உறிஞ்சு குழியோ, ஓட்டைக் குழாய் பதித்த மண்படுகையோ தேவை.

குழியின் சுவரில் காலப்போக்கில் கருப்பாக வழவழப்பான படலம் ஒன்று உருவாகும். மெல்லியதாக இருக்கும்வரை அது நல்லது, கிருமிகளைப் பிடித்து வைக்கும். கசடும் ஏடும் கலந்து வந்தால் படலம் தடித்து மண்ணின் கண்களை அடைத்துவிடும். அதன்பின் நீங்கள் லாரியில் எத்தனை முறை எடுத்தாலும் பயனில்லை. தொட்டியைச் சுத்தம் செய்வதே உறிஞ்சு குழியைக் காப்பாற்றத்தான்.

இடம் இருந்தால் இரண்டு குழி போட்டு, முன்னால் ஒரு சிறிய சேம்பர் (குழாய்கள் சேரும், மூடி போட்ட சிறு தொட்டி) வைத்து, ஒன்றை மூடி ஒன்றைத் திறக்கும்படி செய்துகொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும் குழி சில மாதங்களில் காய்ந்து, படலம் சிதைந்து, ஓரளவு பழைய வலுவுக்கு வரும்.

கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் குழி குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும். 30 மீட்டர் கிடைத்தால் விடாதீர்கள். குழியின் அடிமட்டத்துக்கும் மழைக்காலத்து நிலத்தடி நீர் மட்டத்துக்கும் நடுவே 1.5 முதல் 2 மீட்டர் வறண்ட மண் வேண்டும்.

புதிதாகக் குழி போடுவதற்கு முன் மண்ணைச் சோதிக்கச் சொல்வேன், செலவே இல்லாத வேலை. குழி வரப்போகும் ஆழத்தில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம் எடுத்து, முந்தின நாள் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அது 2.5 சென்டிமீட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த மண்ணில் சாதாரண உறிஞ்சு குழி வேலை செய்யாது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கினாலும் சந்தோஷப்பட வேண்டாம், வடிகட்டப்படாமலே தண்ணீர் நிலத்தடிக்குப் போகும்.

குழியின் மேலும் தொட்டியின் மேலும் வண்டி நிறுத்தக் கூடாது. பக்கத்தில் பெரிய மரம் வைக்கக் கூடாது, வேர் ஈரத்தைத் தேடிக் குழாய் இணைப்புக்குள் புகுந்துவிடும். மொட்டைமாடி மழைநீரைச் செப்டிக் குழாயில் இணைக்கவே கூடாது. ஒரு நல்ல மழையில் தொட்டிக்குள் ஓடும் வெள்ளம், படிந்த கசடை எல்லாம் கிளப்பிக் குழிக்குள் தள்ளிவிடும்.

கசடை அளப்பது

இதை வீட்டுக்காரரே செய்யலாம், வருடத்துக்கு ஒரு முறை போதும். இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள். மூடியைத் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விலகி நில்லுங்கள், உள்ளே தேங்கிய வாயு வெளியேறட்டும். காற்று உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து வீசும்படி நில்லுங்கள். தலையைத் துளைக்கு நேர் மேலே கொண்டுபோகக் கூடாது. பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம். உள்ளே மீத்தேன் இருக்கும், காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு பொறி போதும். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள், திறந்த துளையை ஒரு நொடிகூடத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

தொட்டியின் ஆழத்தைவிட நீளமான ஒரு பி.வி.சி. குழாயை எடுத்து, அதன் அடிப்பக்கம் ஒரு மீட்டருக்குப் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். வெளியேறும் பக்கத்து மூடி வழியாக, அடி தட்டும்வரை மெதுவாக இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் வைத்திருந்து மெல்ல மேலே எடுங்கள். துண்டின் அடியில் கருப்பாக, துகள் துகளாக ஒட்டியிருக்கும் உயரம்தான் கசடின் உயரம். அதற்கு மேலே வெறும் ஈரம் மட்டும் இருக்கும், கோடு நன்றாகவே தெரியும்.

ஏட்டை அளக்க, இன்னொரு குச்சியின் நுனியில் ஒரு சிறிய பலகைத் துண்டைக் குறுக்காக ஆணி அடித்துக்கொள்ளுங்கள். ஏட்டைத் துளைத்துக் கீழே விட்டு, மெல்ல மேலே இழுத்தால் பலகை ஏட்டின் அடிப்பக்கத்தில் முட்டும். கையில் அந்தத் தடை தெரியும். அந்த இடத்துக்கும் ஏட்டின் மேல்மட்டத்துக்கும் உள்ள தூரம்தான் ஏட்டின் கனம்.

கசடையும் ஏட்டையும் கூட்டுங்கள். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் லாரியைக் கூப்பிடுங்கள். ஒன்றரை மீட்டர் ஆழத் தொட்டியில் இரண்டும் சேர்ந்து 50 சென்டிமீட்டர் என்றால் நேரம் வந்துவிட்டது. வெளியேறும் டீயின் கால் நுனிக்கும் கசடுக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் கூட இல்லை என்றாலும் கூப்பிட வேண்டியதுதான்.

அளக்க வழியே இல்லாதவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு. ஆளுக்கு வருடத்துக்கு 30 முதல் 40 லிட்டர் கசடு சேரும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் உள்ள வீட்டில் மூன்று வருடத்தில் 450 முதல் 600 லிட்டர். 2,000 லிட்டர் தொட்டியில் அது நான்கில் ஒரு பங்கு. மேலே ஏடும் இருக்கிறது. அதனால்தான் மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்று சொல்கிறோம். பெரிய தொட்டி, சின்னக் குடும்பம் என்றால் ஐந்து வருடம்கூடப் போகும். ஆனால் பிரச்சினை வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று பத்து வருடம் விடுவது, குழியைப் பலி கொடுப்பதுதான்.

லாரி வரும்போது கூடவே நில்லுங்கள். காற்றுக்குழாய் வழியாகக் குழாயை விட்டு உறிஞ்சினால் தண்ணீர்தான் வரும், கசடு அடியிலேயே கிடக்கும். மேன்ஹோல் மூடியைத் திறந்து, இரண்டு அறையிலும், கசடைக் கலக்கிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே சோப்பு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவத் தேவையில்லை. எடுத்து முடித்ததும் சுத்தத் தண்ணீரால் தொட்டியை நிரப்புங்கள். அப்புறம் இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் என்ற பதில் வராவிட்டால் வேறு லாரியைப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கழிவு யாரோ ஒருவர் குடிக்கும் ஓடையில் கலந்தால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

வெள்ளத்துக்குப் பின் மண் ஊறிக் கிடக்கும்போது தொட்டியைக் காலி செய்யாதீர்கள். வெளியே நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலித் தொட்டி மிதந்து எழும்பும், குழாய் இணைப்புகள் முறியும். பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகளில் இது நிஜமாகவே நடக்கிறது. தண்ணீர் வடியும்வரை பொறுங்கள்.

யாரும் உள்ளே இறங்கக் கூடாது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். செப்டிக் டேங்குக்குள் எந்தக் காரணத்துக்காகவும் எந்த மனிதரும் இறங்கக் கூடாது. கசடு அழுகும்போது வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைப்பது அந்த நேரத்தில்தான். அது பல மடங்கு கூடினால் ஓரிரு மூச்சில் ஆள் மயங்கி விழுவார். இதோடு உள்ளே ஆக்சிஜனும் குறைவாக இருக்கும். முகத்தில் துணி கட்டுவதோ, மருத்துவமனை முகக்கவசமோ இந்த வாயுவைத் தடுக்காது. விளக்கை இறக்கிச் சோதிப்பது வெடிப்பில் முடியலாம்.

மயங்கியவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார், அவரை எடுக்க மூன்றாமவர். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று ஒரே தொட்டியில் பலர் இறப்பது இப்படித்தான். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் இறங்காமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள். மேலிருந்தே காற்று ஊத முடிந்தால் ஊதுங்கள், கயிறு எட்டினால் போடுங்கள். மோட்டார், நகை, போன் எது விழுந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். கொஞ்சம் கசடு மிச்சம் இருக்கிறது, இறங்கி வாரித் தருகிறேன் என்று வேலைக்கு வந்தவரே சொன்னாலும் மறுத்துவிடுங்கள். தரையோடு மிச்சம் கிடக்கும் கசடால் தொட்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. பணத் தேவைக்காக அவர் இறங்கச் சம்மதிக்கலாம், நீங்கள் சம்மதிக்கக் கூடாது.

மூடி உறுதியாக இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். விரிசல் விட்ட சிலாப், துருப்பிடித்த இரும்பு மூடி, மேலே தற்காலிகமாகப் போட்ட தகரம் எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். குழந்தைகள் ஏறி நிற்பார்கள்.

வீட்டுக்குள் வரும் நாற்றமும் சத்தமும்

ஒவ்வொரு பேசின், தரைத்துளை, கழிப்பறைக்கும் கீழே டிராப் என்ற ஒரு வளைவு இருக்கிறது. அதில் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். குழாயிலிருந்து வரும் வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் இந்த வளைவோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இதைவிட எளிய, இதைவிட நம்பகமான வழியை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

குளியலறையில் நாற்றம் என்றால் வாசனைத் திரவம் வாங்குவதற்கு முன் டிராப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். புழங்காத அறையில் அது ஆவியாகிவிடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். நீண்ட நாள் வீட்டைப் பூட்டிப் போகிறீர்கள் என்றால் தண்ணீருக்கு மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள், ஆவியாவது குறையும். தண்ணீர் இருந்தும் நாற்றம் வந்தால் கழிப்பறைக் கோப்பை குழாயோடு சேரும் இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு இடத்தில் தண்ணீர் விடும்போது இன்னொரு இடத்தில் "குளக் குளக்" என்று சத்தம் வந்தால், குழாய்க்குக் காற்று கிடைக்கவில்லை. காற்றுக்குழாய் இல்லை, அல்லது பறவை கூடு கட்டியோ சருகு விழுந்தோ அடைத்திருக்கிறது, அல்லது மெயின் லைன் பாதி அடைத்திருக்கிறது. அந்த உறிஞ்சலில் டிராப் தண்ணீரும் இழுபட்டுப் போய்விடும், அதனால் சத்தமும் நாற்றமும் சேர்ந்தே வரும். காற்றுக்குழாய் கூரைக்கு மேலே நீண்டு, வாயில் கொசுவலையோடு இருக்க வேண்டும். வலை இல்லாவிட்டால் செப்டிக் டேங்கே கொசு வளர்க்கும் இடமாகிவிடும்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது

கம்பியைக் கையில் எடுக்கும் முன் யோசிக்க வேண்டிய வேலை இது. ஒரே ஒரு பேசின் மட்டும் போகவில்லை என்றால் அடைப்பு அதன் டிராப்பிலோ அதை ஒட்டிய குழாயிலோதான். பாட்டில் டிராப்பைக் கழற்றிக் கழுவினாலே சரியாகிவிடும், கீழே ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் விட்டால் குளியலறைத் தரைத்துளையில் எதிர்த்து வருகிறது என்றால் இரண்டும் சேர்ந்த பிறகுள்ள குழாயில் அடைப்பு. தரைத்தளம் முழுக்க எதிர்த்து வந்தால் மெயின் லைன்.

அப்போது வெளியே போய் சேம்பர்களை வீட்டிலிருந்து தொட்டி நோக்கி வரிசையாகத் திறந்து பாருங்கள். நிரம்பி நிற்கும் கடைசிச் சேம்பருக்கும், காய்ந்து கிடக்கும் அடுத்த சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. கம்பியோ ஸ்பிரிங்கோ அந்த ஒரு துண்டுக் குழாயில் மட்டும் விட்டால் போதும். எல்லாச் சேம்பரும் நிரம்பியிருந்தால் பிரச்சினை தொட்டியிலோ உறிஞ்சு குழியிலோ இருக்கிறது. இதைப் பார்க்காமல் குளியலறைத் தரையை உடைத்துவிட்டு, கடைசியில் அடைப்பைத் தோட்டத்தில் கண்டுபிடித்த வீடுகள் உண்டு. சேம்பர் மூடிகளின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். அழகுக்காக மறைக்க வேண்டும் என்றால், டைல்ஸ் பதித்தபடியே தூக்கும் மூடியைப் போடுங்கள்.

ஒரே இடத்தில் அடிக்கடி அடைத்தால் அங்கே சாய்வு சரியில்லை. 100 மில்லிமீட்டர் குழாய்க்கு மீட்டருக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும், 10 மீட்டருக்கு 12.5 முதல் 25 சென்டிமீட்டர். மண்ணை மூடும் முன் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துப் பார்த்துவிடுங்கள். செங்குத்தான எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவு போட்டால் கம்பியும் சுலபமாகப் போகும், கழிவும் சுலபமாகப் போகும். சேம்பரின் தரை தட்டையாக இருந்தால் கழிவு அங்கேயே தங்கும். நடுவில் அரைவட்ட வாய்க்காலும் இருபக்கம் சரிவும் பூசியிருக்க வேண்டும்.

பிளஞ்சர் போடும்போது பேசினின் மேல்துளையை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் அந்த வழியாகப் போய்விடும். கொழுப்பு அடைப்புக்குச் சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் உதவும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பி.வி.சி. குழாய் இளகும். ஆசிட்டை நான் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன். அது சிமென்ட்டைத் தின்னும், தொட்டியில் பாக்டீரியாவைக் கொல்லும். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே யாராவது ஆசிட் ஊற்றியிருந்தால், வேலைக்கு வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் முகத்தில்தான் அது தெறிக்கும்.

தொட்டிக்குள் போகலாமா, கூடாதா

மலம், சிறுநீர், கரையும் கழிப்பறைத் தாள், தண்ணீர். கழிப்பறையில் இவை தவிர எதையும் போடாமல் இருப்பதே நல்லது. நாப்கின், டயாப்பர், பஞ்சு, ஆணுறை, தலைமுடி இவை எதுவும் செரிக்காது. ஈரத் துடைப்பான் பாக்கெட்டில் "கழிப்பறையில் போடலாம்" என்று அச்சிட்டிருந்தாலும் நம்பாதீர்கள். அவை குழாயின் சின்னச் சொரசொரப்பில் சிக்கி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறாகவே வெளியே வருவதை அடிக்கடி பார்க்கிறேன். பெயின்ட், தின்னர், காலாவதியான மருந்து போடவே கூடாது. சமையல் எண்ணெயைத் தாளில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவுங்கள். சமையலறைக் குழாய்க்கு, எண்ணெய்ப் பசையைப் பிடித்து நிறுத்தும் ஒரு கிரீஸ் டிராப் வைத்தால் மிக நல்லது, ஆனால் அதையும் மாதா மாதம் திறந்து வழிக்க வேண்டும்.

வழக்கமான அளவு சோப்பு, கழிப்பறை கிளீனர் இவற்றால் தொட்டி கெடாது. பாட்டில் பாட்டிலாகக் கிருமிநாசினி ஊற்றினால்தான் கெடும். பாக்டீரியா பவுடர் போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். தேவையான பாக்டீரியா நம் மலத்திலேயே தினமும் போகிறது, எந்தப் பவுடரும் கசடை இல்லாமல் ஆக்காது.

தண்ணீரின் அளவும் முக்கியம். ஒரே நாளில் வாரத் துணி எல்லாவற்றையும் துவைத்தால் தொட்டியில் எதுவும் படிய நேரமிருக்காது, இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபிளஷ் டேங்க் சத்தமில்லாமல் கசிந்தால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் வீணாகத் தொட்டிக்குள் போகும். ஃபிளஷ் டேங்க் தண்ணீரில் கொஞ்சம் வண்ணத்தைக் கலந்து அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு தாள். தொட்டி, ஒவ்வொரு சேம்பர், உறிஞ்சு குழி எல்லாம் எங்கே இருக்கின்றன என்று, வீட்டின் இரண்டு நிலையான மூலைகளிலிருந்து டேப் பிடித்து அளந்து வரைந்துகொள்ளுங்கள். தொட்டியின் நீளம், அகலம், ஆழம், எந்த மூடிக்குக் கீழே வெளியேறும் டீ இருக்கிறது, கடைசியாக எப்போது கசடு எடுத்தது, ஒவ்வொரு வருடமும் அளந்த உயரம் எவ்வளவு, எல்லாவற்றையும் அதிலேயே எழுதி வையுங்கள். அதை மின் மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டாலும் விற்றாலும் சாவியோடு அந்தத் தாளையும் கொடுங்கள்.